காய்ச்சல் என்று சொன்னேன்

எஸ்டேட் ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசையாக நிற்க வேண்டும். டிரஸ்ஸர் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) மேசைக்குப் பின்னாலிருந்து தலை நிமிராமல் கேட்பார். நோயாளி தன் நோயை எல்லார் காதிலும் விழும்படி உரக்கச் சொல்ல வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். அன்று எனக்கு முன்னால் ஒன்பது பேர், பின்னால் ஆறு பேர். பாதிப் பேர் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டும் பெண்கள்.

"என்னா பெரிய கிராணியாரே, வேலைய விட்டும் எங்கள விடமாட்டீங்களா? என்னா செய்யுது?"

"காய்ச்சல்" என்றேன்.

எனக்குக் காய்ச்சல் இல்லை. இரவில் ஆறு முறை எழுந்தும் மூத்திரம் சொட்டுச் சொட்டாகத்தான் போனது. அந்தத் தோட்டத்து ஆபீசில் இருபத்தெட்டு வருடம் கிராணியாக (கணக்கு எழுதும் குமாஸ்தாவாக) உட்கார்ந்திருந்தவன் நான். அந்தப் பெண்கள் முன்னால் அதை என்னவென்று சொல்வது? காய்ச்சல் என்றால் தோட்டத்தில் மறுகேள்வி கிடையாது. கொயினா (மலேரியாக் காய்ச்சலுக்கான கசப்பு மருந்து) ஊற்றித் தந்தார். அவர் கண் முன்னாலேயே குடித்துவிட்டு, காது இரைய வீடு திரும்பினேன்.

வீடு என்பது பாடாங் செராய் ஊரில் காதரின் மளிகைக் கடைக்குப் பின்னால் ஓர் அறை. மனைவி இறந்த பிறகு, ஓய்வு பெற்று அங்கே வந்தேன். நானே சமைத்தேன், நானே துவைத்தேன், காலையில் பசாருக்கு (சந்தைக்கு) நடந்து போனேன். அலோர் ஸ்டாரில் இருக்கும் மகன் கூப்பிட்டபோதெல்லாம், "கை கால் நன்றாக இருக்கிறது" என்று மறுத்தேன். நோய் தெரிந்தால் அந்த அறையை இழந்துவிடுவேனோ என்பதே என் பயம்.

கக்கூஸ் முற்றத்தின் கோடியில் இருந்தது. காதரின் பெண்மக்கள் படுக்கும் ஜன்னலைக் கடந்துதான் போக வேண்டும். அதனால் தண்ணீரைக் குறைத்தேன். மதியத்துக்குப் பிறகு ஒரு மிடறுகூடக் குடிப்பதில்லை. இதைப் படிக்கும் என் வயதுக்காரர்களில் சிலர் இதையே செய்துகொண்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். செய்யாதீர்கள்.

கொயினா குடித்த மூன்றாம் நாள் ஒரு சொட்டும் வரவில்லை. அடிவயிறு கல்லாகிவிட்டது. நான் கடைப்பக்கம் வராததைக் கண்டு காதர் கதவைத் தட்டினார். தரையில் சுருண்டு கிடந்த என்னைப் பார்த்து, "யா அல்லா! என்னாண்ணே இது? ஒரு வார்த்த சொல்லப்படாதா?" என்றார். கார் பிடித்து அவரே அலோர் ஸ்டார் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் நான் கத்தினேன். அவர் என் கையை விடவில்லை.

அங்கே இருந்தவர் யாழ்ப்பாணத்து டாக்டர். மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி (ஆண்களுக்கு மட்டும் உள்ளது, வயதானால் வீங்கி வழியை அடைக்கும்) பெரிதாகிவிட்டது என்றார்.

"எத்தினை நாளாய் ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள்?"

"நாள் இல்லை ஐயா. பதினொரு மாதம்."

"கணக்கு மட்டும் வடிவாய் வைச்சிருக்கிறியள்."

இருதயம் பலவீனமாக இருப்பதால் சுரப்பியை அறுத்து எடுக்க முடியாதாம். அடிவயிற்றில் சிறு துளையிட்டு ரப்பர் குழாய் வைத்தார்கள். குழாயின் நுனியில் ஒரு ரப்பர் பை, தொடையில் கட்டிக்கொள்ள. "எவ்வளவு நாளைக்கு?" என்று கேட்டேன். "இருக்கும் மட்டும்" என்றார்.

மகன் வீட்டில் முதல் வாரம் குழாய் பையிலிருந்து நழுவிப் படுக்கை நனைந்தது. விரிப்பைச் சுருட்டிப் பாய்க்கு அடியில் வைத்தேன். மருமகள் வந்து வாடையை மோந்தாள்.

"பாய்க்கு அடியில வச்சா காயாது மாமா. எடுங்க."

அவள் அதைக் கிணற்றடியில் அலசும் சத்தம் கேட்டது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். என் துணியை என் மனைவிகூட அப்படித் துவைத்ததில்லை.

எழுந்து நடக்கத் தொடங்கியதும், அறைக்குத் திரும்பிப் போகிறேன் என்று சொன்னேன். மகன் கோபப்பட்டான். "பைய யாரு மாத்துவா? அந்தக் கடைக்காரரா?"

மருமகள்தான் சொன்னாள்: "ஒரு வாரம் மாமாவே மாத்தட்டும். முடிஞ்சா போகட்டும். முடியலன்னா இங்கேயே இருக்கட்டும். நீங்க ஏன் கத்துறீங்க?"

முதல் நாள் கதவைச் சாத்திக்கொண்டு முயன்றேன். அதுவரை அந்தத் துளையை நான் பார்த்ததே இல்லை. தினமும் வீட்டுக்கு வந்து கம்பவுண்டர் சுத்தம் செய்யும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வேன். பார்க்காமல் பையைக் கழற்ற முடியுமா? அத்தனையும் தரையில் கொட்டிவிட்டது.

வெளியிலிருந்து மருமகளின் குரல்: "நான் உள்ள வரல மாமா. வாளி வாசல்ல இருக்கு."

நானே துடைத்தேன். குனிந்து துடைக்கும்போது அழுகை வந்தது. துடைத்து முடித்துக் கையைக் கழுவிய பிறகு, விளக்கை அருகில் இழுத்து முதல் தடவையாக நன்றாகப் பார்த்தேன். சிவப்பாக, ஒரு குழந்தையின் வாய் போல இருந்தது. அவ்வளவுதான். மறுநாள் கொஞ்சம் கொட்டியது. அதற்கடுத்த நாள் கொட்டவில்லை. வார முடிவில் பையை வெந்நீரில் அலசி மாட்டுவதை மகன் நின்று பார்த்தான். பிறகு போய் எனக்கு பஸ் டிக்கெட் வாங்கி வந்தான்.

காதர் ஒரு நிபந்தனை போட்டார். அறையின் இன்னொரு சாவி அவரிடம் இருக்க வேண்டும். "காலையில தட்டுவேன். சத்தம் வரலைன்னா தொறந்துருவேன். அப்புறம் வெக்கம் கிக்கம்னு சொல்லப்படாது." கொடுத்தேன். கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இப்போது மறுபடியும் நானே சமைக்கிறேன். பசாருக்கும் போகிறேன், மெதுவாக. வேட்டிக்கு அடியில் பை இருப்பது தெரிந்துவிடுமோ என்று இன்னமும் கூசுகிறது. அந்தக் கூச்சம் குணமாகிவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன்.

ஆனால் இரவு மாறிவிட்டது. முன்பு இரவை ஆறு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் காவல் இருந்தேன். இப்போது உடம்பு என்னை எழுப்புவதில்லை, எதையும் கேட்பதில்லை. நான் தூங்கும்போது அது தன் வேலையைப் பார்த்துக்கொள்கிறது. சில சமயம் விடியும் முன்பே விழித்து, மணி என்னவென்று தெரியாமல் படுத்திருக்கிறேன். தொடையில் பை கனக்கிறது, வெதுவெதுப்பாக. கையை வைத்துப் பார்க்கிறேன். எவ்வளவு நேரம் தூங்கினேன் என்பதை அந்தக் கனம் சொல்கிறது. பிறகு காதர் தட்டும் வரை அப்படியே கிடக்கிறேன்.