கையெழுத்து விழாத இருநூறு

ரிஜிஸ்டரில் ஏறாத ஊசி, போடாத ஊசி. கையெழுத்து விழாத வரி, எழுதாத வரி. சோழபுரம் பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில் இருபத்திரண்டு வருஷமாகச் செவிலியராக இருக்கும் நாகஜோதிக்கு இந்த இரண்டும் வேதவாக்கு. மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் கைக்குழந்தைக்கு அவள் ஊசி போட்டால் குழந்தை அழுவதற்குள் பஞ்சு வைத்து முடித்திருப்பாள். அதனால் அவள் வாயை ஊர் பொறுத்துக்கொண்டது.

அவளுக்குப் பறவைக் கிறுக்கு பிடித்தது தற்செயலாகத்தான். ஒரு ஜனவரியில் கண்மாயில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்தது. யாராவது வழுக்கி விழுந்தால் கட்டுப் போட ஆள் வேண்டுமென்று முதலுதவிப் பெட்டியோடு இவளை அனுப்பினார்கள். யாரும் விழவில்லை. கரையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இன்னொருத்தியும் சும்மா உட்கார்ந்திருந்தாள், கணக்கெடுக்க வந்த கல்லூரி மகளுக்குத் துணையாக வந்த செல்வலட்சுமி. வீட்டில் மிஷின் போட்டு நைட்டி தைக்கிறவள். ஒரு பையனிடம் பைனாகுலரைக் கேட்டு வாங்கி இருவரும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஊசி மாதிரி வாலை நீட்டிக்கொண்டு ஒரு வாத்து மிதந்தது.

"ஏட்டி, இது இம்புட்டு நாளும் இங்கனதான் இருந்துச்சா?" என்றாள் நாகஜோதி.

"நாமதான்க்கா இல்ல," என்றாள் செல்வி.

அன்றைக்கு ஆரம்பித்தது. சீட்டுப் பணத்தில் பழைய பைனாகுலர் ஒன்று வாங்கினார்கள். ஒரு வாரம் அவள் வீட்டில், ஒரு வாரம் இவள் வீட்டில். தேவதானம் கண்மாய், அய்யனார் கோயில் ஆறு, செண்பகத்தோப்பு என்று ஞாயிறு விடிந்தால் ஸ்கூட்டி கிளம்பிவிடும். ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜில்லாவே தேரைப் பார்த்துக் கைகூப்பி நிற்க, இவர்கள் இருவர் மட்டும் கழுத்தை அண்ணாந்து கோபுரத்தில் புறா அடித்துத் தின்றுகொண்டிருந்த ராஜாளியைப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற அம்மாள் இதென்ன பக்தி என்று வியந்து தானும் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். செல்வி சிரித்த சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆளுக்கொரு நோட்டு. கட்டம் போட்டது நாகஜோதி. வரிசை எண், தேதி, இடம், பறவை, அடையாளம், கையெழுத்து. அந்தக் கடைசிக் கட்டத்தில் மற்றவள் கையெழுத்துப் போட வேண்டும். இருவரும் சேர்ந்து பார்த்தால் அங்கேயே போட்டுக்கொள்வார்கள். ஒருத்தி தனியாகப் பார்த்தால், மற்றவள் அடையாளம் கேட்டு ஒப்புக்கொண்டால்தான் கையெழுத்து. கையெழுத்து விழாவிட்டால் அந்தப் பறவை கணக்கில் கிடையாது. பறவை பார்க்கிற வேறு யாருக்கும் இப்படி ஒரு சட்டம் இருப்பதாகத் தெரியவில்லை. ரிஜிஸ்டர் எழுதியே பழகியவளுக்கு வேறு எப்படித் தோன்றும்?

ஆறு வருஷத்தில் நாகஜோதிக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு. செல்விக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்பது. அந்தக் கூடுதல் ஒன்று ஆறுமணிக்குருவி. ஒரு ஐப்பசியில் வடக்கிலிருந்து பறந்து களைத்து வந்து, செல்வி வீட்டுக்குள் வெட்டுத்துணிக் குவியலில் விழுந்து கிடந்தது. செல்வி போன் போட்டு, நாகஜோதி ஸ்கூட்டியை முறுக்கி வருவதற்குள் தெம்பு வந்து ஜன்னல் வழியே போய்விட்டது. செல்வி சொன்ன நிறங்களைக் கேட்டு நாகஜோதி கையெழுத்துப் போட்டாள். சந்தோஷமாகத்தான் போட்டாள். ஆனால் அன்றிலிருந்து அந்த ஒன்று அவள் மனசில் நெருஞ்சிமுள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. பொறாமை என்று சொன்னால் அடிக்க வந்திருப்பாள். பொறாமைதான்.

அடுத்த மாசியில், ஒரு புதன்கிழமை. புதன் தடுப்பூசி நாள். கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் வரிசையில் நிற்க, செல்வி வயர்கூடையில் நோட்டோடு வந்தாள். முகமெல்லாம் பல்.

"அக்கா, இருநூறு!"

"என்னது?"

"மஞ்சள்முகப் பாறு. நகராட்சிக் குப்பைக்கிடங்குல. வெள்ள உடம்பு, றெக்கை ஓரம் கறுப்பு, மூஞ்சி மஞ்சக்கெழங்கு அரைச்சுப் பூசுன கணக்கா. என்னையத் திரும்பிப் பார்த்துச்சுக்கா."

பாறு என்றால் பிணந்தின்னிக் கழுகு. மாட்டுக்குப் போட்ட வலி ஊசி, செத்த மாட்டைத் தின்ற கழுகுக்கு விஷமாகி, தெற்கத்திச் சீமையிலிருந்தே ஏறக்குறைய அற்றுப்போன இனம். அது இங்கே வராது என்று நாகஜோதிக்குத் தெரியும். வரவே வராது என்று சொல்ல முடியாது என்பதும் தெரியும். ஆனால் அந்த நொடியில் அவள் காதில் விழுந்தது பாறு இல்லை, இருநூறு.

"பைனாகுலர் இந்த வாரம் எங்கிட்டல்லா இருக்கு? நீ எதை வச்சுப் பார்த்த?"

"கண்ணாலதான். பக்கத்துலதான் நின்னுச்சு."

"அது செங்கால் நாரை. அதுக்கும் வெள்ள உடம்பு, கறுப்பு றெக்கை. அது நம்ம நோட்டுல ஏற்கெனவே இருக்கு. ஊசியில நூல் கோத்துக் கோத்து ஒனக்குக் கண்ணு மங்கிருச்சு."

வரிசையில் நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். செல்வியின் முகம் சுருங்கியது.

"நாரை குப்பைமேட்டுக்கு வந்து கோழிக்குடலத் திங்குமாக்கா?"

அது சரியான கேள்வி. அப்படிப்பட்ட கேள்விக்குத்தானே கோபம் முந்திக்கொண்டு வரும்?

"ஆறுமணிக்குருவிக்கும் நான் பார்க்காமத்தான் போட்டேன். அதையும் இப்பம் அடிச்சிருவமா?"

செல்வி நோட்டை மூடினாள். "வேண்டாங்க்கா. ஒரு நா வந்து பாருங்க. பொறவு போடுங்க," என்றாள்.

"குப்பைமேட்டுக்கு வர எனக்கு நேரமில்ல."

செல்வி போய்விட்டாள். பேச்சு நின்றுவிடவில்லை. கடைத்தெருவில் பார்த்தால் "சாப்பிட்டியளாக்கா?" என்பாள், இவளும் ஏதோ சொல்வாள். ஆனால் பறவைப் பேச்சு நின்றது. செல்வி தன் வாரத்துக்குப் பைனாகுலரைக் கேட்டு வரவில்லை. வருவாள் என்று நாகஜோதி காத்திருந்தாள். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது தான்தான் என்று தெரிந்தும் காத்திருந்தாள். வேலை கூடிவிட்டது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பைனாகுலர் பீரோவுக்குள் போனது. நோட்டு நூற்றுத் தொண்ணூற்றெட்டிலேயே நின்றது.

அதற்கடுத்த வருஷம் ஐப்பசியில் ஒரு மத்தியானம், தைத்துக்கொண்டிருந்த செல்வி மிஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். நாற்பத்தி நாலு வயது. ஊரில் உடனே கூப்பிடக்கூடிய நர்சு நாகஜோதிதான். ஓடிப்போய் நாடி பார்த்தாள். இருபது மாதத்துக்குப் பிறகு செல்வியின் கையை அவள் பிடித்தது அன்றுதான். அந்தக் கையில் எதுவும் துடிக்கவில்லை. அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியவளும் அவளாகவே இருந்தாள்.

துஷ்டி வீட்டில் நாகஜோதி அழவில்லை. எல்லாருக்கும் காப்பித்தண்ணி கொடுத்தாள், செல்வியின் மகளைத் தாங்கிப் பிடித்தாள், வீட்டுக்கு வந்து ரிஜிஸ்டர் எழுதினாள்.

நாலு மாதம் கழித்து, மாசியில், குப்பைக்கிடங்கில் வேலை பார்க்கிறவர்களுக்கு மருத்துவ முகாம் போட்டார்கள். மேசை போட்டு டி.டி. தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தாள் நாகஜோதி. வெள்ளத்தாய் என்ற துப்புரவுத் தொழிலாளி கையை நீட்டியபடி நின்றாள். நாகஜோதி ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை அழுத்தி நிமிர்ந்தாள்.

இருபது அடி தூரத்தில் அது நடந்துகொண்டிருந்தது. பைனாகுலர் வேண்டியதே இல்லை. அழுக்கேறிய வெள்ளை உடம்பு. சிறகோரம் கறுப்பு. முடியில்லாத மஞ்சள் முகம், பிடரியில் எண்ணெய் காணாத தலை மாதிரிச் சிலிர்த்த இறகுகள். ஒரு கோழிக்குடலை மிதித்துப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. செங்கால் நாரைக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்லப் பால்வாடிப் பிள்ளை போதும். அது நிமிர்ந்து அவளைத் திரும்பிப் பார்த்தது.

"என்னம்மா, பஞ்ச இந்த அமுக்கு அமுக்குதிய?" என்றாள் வெள்ளத்தாய். பிறகு அவள் பார்வை போன பக்கம் பார்த்தாள். "அந்த வெள்ளக் கழுகா? அது மாசி பொறந்தா வந்துரும். மூணு வருசமா வருது."

"மூணு வருசமாவா?"

"ஆமா. இதப் பார்க்கன்னே ஒரு தையக்காரம்மா வரும். வெயில்ல நிக்கும். பசிச்சா எங்ககூட உக்காந்து சோறு திங்கும். 'எங்க அக்கா ஒருத்தவிய நர்சு, அவியளக் கூட்டிட்டு வாரேன், அதுவரைக்கும் இத யாரும் வெரட்டிராதீய'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். நாங்களும் வெரட்டல. இந்த வருசம் அதக் காணோம்." வெள்ளத்தாய் நாகஜோதியின் வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள். "அந்த நர்சு நீங்கதானா?"

"நான்தான்," என்றாள் நாகஜோதி.

"அப்பம் அந்தம்மா வரலியா?"

நாகஜோதிக்கு அழுகை அப்போதுதான் வந்தது. நாலு மாதத்து அழுகை. வரிசையில் நின்றவர்கள் பார்க்கப் பார்க்க, குப்பை நாற்றத்துக்கு நடுவில், மேசையில் தலையை வைத்து அழுதாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இவளுக்குக் கண் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை.

சாயங்காலம் நேரே செல்வி வீட்டுக்குப் போனாள். செல்வியின் புருஷன் பால்பாண்டி பட்டாளத்திலிருந்து வந்து ஏ.டி.எம். காவலுக்குப் போகிறவர். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், இவள் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். தையல் மிஷின் மேல் ஒரு துணி போர்த்தியிருந்தது.

"அண்ணே, செல்வியோட பறவை நோட்டு இருக்கா?"

அவர் மிஷின் டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். நாகஜோதி கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள்.

200. மஞ்சள்முகப் பாறு. குப்பைக்கிடங்கு. கையெழுத்துக் கட்டம் காலி. அதற்கு அடுத்த வரியில் 201 இருக்கும் என்று நினைத்தாள். இல்லை. மறுபடியும் 200. வேறு தேதி, அதே பறவை, அதே இடம். அதற்குக் கீழே மறுபடியும் 200. எண்ணிப் பார்த்தாள். இரண்டு மாசி, பங்குனிகளில் பதினான்கு தடவை. "இன்னைக்குக் குளிச்சுட்டு இருந்துச்சு." "வால் ஆப்பு மாதிரி இருக்கு. நாரை இல்லை." "ரொம்பப் பக்கத்தில். அக்கா இருந்திருக்கலாம்." பதினான்கு வரியிலும் கடைசிக் கட்டம் காலி.

"ஒரு நா என்னையவும் கூட்டிட்டுப் போயிக் காட்டுனா," என்றார் பால்பாண்டி. "நானும் நல்லாப் பார்த்தேன். 'நான் கையெழுத்துப் போடுதேன் புள்ள, பட்டாளத்துக்காரன் கையெழுத்து செல்லாதா?'ன்னு கேட்டேன். 'ஜோதிக்கா போட்டாத்தான் கணக்கு'ன்னுட்டா."

நாகஜோதி நோட்டை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"அன்னைக்கே எனக்குத் தெரியும் அண்ணே, அது நாரையா இருக்காதுன்னு. எனக்கு முன்னால அவ இருநூறு போட்டுரக் கூடாதுன்னுதான் போடல."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அது அவளுக்கும் தெரியும்மா," என்றார் அவர் மெதுவாக. "'அக்காவுக்கு ஒரு ஆறுமணிக்குருவி கிடைச்சிட்டா மனசு ஆறிரும், தானா வந்து போட்டுருவாவ'ன்னு சொல்லுவா. ஐப்பசி வந்தா அந்தத் துணிக் குவியல அள்ள விட மாட்டா. திரும்ப வந்து விழுந்தா ஒங்களக் கூப்பிடணுமாம். போன ஐப்பசியிலயும் அப்படியேதான் போட்டு வச்சிருந்தா."

நாகஜோதி பேனாவை எடுத்தாள். முதல் 200-க்கு நேரே கையெழுத்துப் போட்டாள். கீழே தேதி போட வேண்டும். முன்தேதி போட்டு அவளுக்குப் பழக்கமில்லை. இன்றைய தேதியையே போட்டாள். பதினான்கு கட்டத்திலும் போட்டாள். ஏழாவதிலோ எட்டாவதிலோ எழுத்து தெரியாமல் நின்று, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி போட்டாள்.

"இப்பம் இருநூறு ஆயிருச்சாம்மா?" என்று கேட்டார் பால்பாண்டி.

"ஆயிருச்சு அண்ணே."

அவர் நோட்டை வாங்கிக் கட்டம் கட்டமாகப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்துத் திறந்தார்.

"நீங்களும் இன்னைக்குப் பார்த்தியள்லா? ஒங்க நோட்டக் கொண்டாங்க. நானும் அதப் பார்த்தவன்தான், ஒங்களுக்கு நான் போடுதேன்."

நோட்டு அவள் பையில்தான் இருந்தது. வருகிற வழியில் ஸ்கூட்டியை நிறுத்தி நூற்றுத் தொண்ணூற்றொன்பது என்று எழுதிவிட்டுத்தான் வந்திருந்தாள். அவள் பையைத் திறக்கவில்லை.

"வேண்டாண்ணே," என்று எழுந்தாள். "செல்வி போட்டாத்தான் கணக்கு."