பின் சைட்டா, டிரிகரா

1. எங்கள் துப்பாக்கி சுடும் கழகத்தின் ஏர் ரைஃபிளுக்கு இந்த ஆண்டு ஒரே ஒரு பாகம் புதிதாக வாங்கலாம் என்று செயலாளர் சொன்னார்.
2. எதை வாங்குவது என்று முடிவு செய்யும் வேலையை என்னிடம் கொடுத்தார். புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் கருவிகளைச் சோதிப்பவள் நான் என்பதுதான் காரணம்.
3. அந்தத் துப்பாக்கியால் சுடும் பெண்கள் இருவர்: நானும் ஓர் அக்காவும். மாநில அணித் தேர்வுக்குக் கழகம் ஒருத்தியை மட்டுமே அனுப்பும்.
4. நான் புது பின் சைட், அதாவது பின்பக்கம் குறி பார்க்கும் துளை, கேட்டேன். அக்கா புது டிரிகர் கேட்டார்.
5. இரண்டையும் வேறொரு கழகத்திடம் இரவல் வாங்கிப் பொருத்திச் சுட்டுப் பார்த்தோம்.
6. அதற்குப் பிறகு எனக்கு எதுவுமே விளங்கவில்லை.

ஐந்தாவது வரி வரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. துப்பாக்கி கழகத்தின் பெயரில் இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பாலிக் புலாவ் போகும் சாலையிலுள்ள பயிற்சிக் கூடத்தில், இரும்பு அலமாரிக்குள் பூட்டி வைத்திருப்பார்கள். அக்கா சுட்டு முடித்ததும் நான் தோளில் அணைக்கும் கட்டையின் நீளத்தை மாற்றிக்கொள்வேன், அவர் திரும்ப வரும்போது பழையபடி வைத்துக் கொடுப்பேன். அந்த அளவுக்குப் பழகியிருந்தோம். அவர் என்னைவிட ஒரு தலைமுறை மூத்தவர். ஜார்ஜ் டவுனில் கணவரோடு சாப்பாட்டுக் கடை நடத்துகிறார்.

எங்கள் போட்டியில் ஸ்கோப் மாட்டக் கூடாது. பின்னால் சின்னத் துளை, முன்னால் ஒரு வளையம். அவற்றின் வழியே இலக்கு அட்டையின் கறுப்புப் புள்ளியைப் பார்க்க வேண்டும். வீட்டில் என் அண்ணனுக்கு இதைப் புரியவைக்க முடிந்ததே இல்லை.

“பெரிய ஸ்கோப்பா வாங்கி மாட்டு லா. அப்புறம் என்னா கஷ்டம்?”

“அனுமதி இல்லண்ணே.”

“அப்ப சோடாபுட்டி போட்டிருக்கிற உன்ன மட்டும் எப்படி விட்டானுங்க?”

என் கண்ணாடிதான் நான் பின் சைட் கேட்டதற்கே காரணம். நான் கேட்ட வகையில் துளையை விரிக்கலாம், சுருக்கலாம். சுருக்கினால் வளையமும் புள்ளியும் கூர்மையாகத் தெரியும். அக்கா டிரிகர் கேட்டதற்கும் காரணம் இருந்தது. அவர் விரல் குட்டை. பழைய டிரிகர் தூரமாகவும் கனமாகவும் இருப்பதால் மணிக்கட்டை வளைத்துத்தான் எட்டுவார். வேண்டியது அவரவருக்குத் தெரிந்திருந்தது. சோதனை வெறும் சம்பிரதாயம் என்றுதான் நினைத்தேன்.

முதலில் பின் சைட். படம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் நான் சுடாமல் குறியை விடவே மாட்டேன் என்று பிடித்துக்கொண்டு நின்றேன். இன்னும் கொஞ்சம் நடுவில், இன்னும் கொஞ்சம் நடுவில். அதற்குள் கை ஆடிவிடும். அட்டையில் குண்டுகள் நாலா பக்கமும் சிதறியிருந்தன. அக்கா அதே சைட்டில் சுட்டுவிட்டு, குண்டுகள் நடுவிலேயே நெருங்கி விழுந்திருந்த அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“யாரு சுட்டது இது? நானா?”

“நீங்கதான் அக்கா.”

“அலாமாக்! அப்ப எனக்குக் கண்ணுதான் கோளாறா? நான் பாட்டுக்குக் கையத் திட்டிக்கிட்டு இருந்தேனே.”

பிறகு டிரிகர். விரல் பட்டதுமே குண்டு பாய்ந்தது. யோசிக்க நேரம் கிடைக்கவில்லை என்பதாலோ என்னவோ, நான் நன்றாகச் சுட்டேன். அக்கா குறி சேர்வதற்கு முன்பே சுட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் “இல்ல இல்ல இல்ல” என்றார். அடுத்த ஞாயிறு வரிசையை மாற்றி மறுபடி சுட்டோம். அதே மாதிரிதான் வந்தது.

ஆக, நான் கேட்டது அவருக்கு உதவுகிறது. அவர் கேட்டது எனக்கு. தொழிற்சாலையில் இரண்டு நாள் சோதனையை வைத்து நான் எதற்கும் கையெழுத்துப் போட மாட்டேன். ஆனால் செயலாளர் வார இறுதிக்குள் பதில் கேட்டார்.

வேலை முடிந்து, தீவுக்குப் போகும் பாலத்தைக் கடந்து நேராக அக்காவின் கடைக்குப் போனேன். அவர் தே தாரிக் டீயை உயரத் தூக்கி ஆற்றிக்கொண்டிருந்தார்.

“எழுதிக் குடுத்திட்டியா?”

“இன்னும் இல்ல அக்கா. உங்களக் கேக்கத்தான் வந்தேன்.”

“நான்தான் சொல்லிட்டேனே, டிரிகர்.”

“அதுல நான்தான் நல்லா சுடுறேன். நீங்க மோசமா சுடுறீங்க.”

“வாய்க்கு வந்தபடி பேசு. தெரியும் லா, நானும் அட்டையப் பாத்தேன்ல.”

“பின்ன ஏன்?”

“மணிக்கட்டு வலிக்குது. பழசுல சுட்ட அன்னிக்கு இந்த வேலையெல்லாம் செய்ய முடியல. எடுக்கிற புள்ளி வேற, வலி வேற.”

சொல்லிக்கொண்டே அதே வலது கையால் குவளையைத் தலைக்கு மேல் உயர்த்தி, கீழே இருந்த குவளையில் ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினார். எனக்கு அங்கேதான் குழம்பியது. உண்மையாகவே வலிக்கிறதா? அல்லது எனக்கு விட்டுக்கொடுக்க ஒரு காரணம் தேடினாரா? கேட்டால் ஒப்புக்கொள்ளக் கூடியவர் இல்லை. கேட்டும் பார்த்தேன்.

“எனக்காகச் சொல்றீங்களா?”

“உனக்காக நான் ஏன் சொல்லணும்? நீ என்ன என் மருமகளா? டீயக் குடி, ஆறுது.”

திரும்பும் வழியெல்லாம் இதையே உருட்டிக்கொண்டிருந்தேன். டிரிகர் என்று எழுதினால் அக்கா கேட்டதைக் கொடுத்தவள் ஆவேன், தேர்வுக்கும் நானே போவேன். பின் சைட் என்று எழுதினால் அவர் போக வாய்ப்பு அதிகம், ஆனால் வலியைச் சொன்னவரின் பேச்சைத் தட்டியவள் ஆவேன். எது பெருந்தன்மை, எது சுயநலம் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் இரண்டும் சேர்ந்தே வந்தன.

கடைசியில் பின் சைட் என்று எழுதிக் கொடுத்தேன். செயலாளர் சிரித்தார். நீ முதலில் கேட்டதையே வாங்கிக்கொண்டாயே என்று மலாயில் சொன்னார். அவர் அட்டைகளைப் பார்த்தவர் இல்லை. அக்காவுக்குச் செய்தி போனதும் ஒரே வரியில் பதில் வந்தது: “பிடிவாதக்காரி.” அது கோபமா சிரிப்பா என்று எழுத்தில் தெரியவில்லை.

இப்போதைய நிலை இதுதான். புது பின் சைட் வந்து பொருத்தியாகிவிட்டது. டிரிகர் பழையதுதான். அக்கா மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு பயிற்சிக்கு வருகிறார். கடையிலும் கட்டியிருக்கிறாரா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. தேர்வுக்கு யார் போவது என்று முடிவு செய்ய வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவருக்கும் கழகத்தில் போட்டி. நான் ஜெயிக்கத்தான் சுடப்போகிறேன், ஆனால் படம் தெளிவாகத் தெரியும்போது இன்னும் எனக்குக் கை ஆடுகிறது.