பிடியரிசி உலகம்மை

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதிய கோமதிநாயகத்தின் மனைவி உலகம்மை. நாற்பது வயது வரை வீட்டைத் தாண்டி அவளை யாருக்கும் தெரியாது.

1951-ஆம் வருஷம். ரேஷனில் அரிசியை அவுன்ஸ் கணக்கில் அளந்து போட்ட காலம். ஒரு காலை வரிசையில் உலகம்மைக்கு முன்னால் நின்ற பெண், கடைக்காரர் கார்டைத் திருப்பிக் கொடுத்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெயர் ராகேல், வித்துரா என்ற மலையடிவார ஊர்க்காரி. ஆஸ்பத்திரியில் கிடந்த கணவனுக்குத் துணையாக வந்து பத்து நாளாகியிருந்தது. வித்துராவில் பதிந்த கார்டு இங்கே செல்லாது.

உலகம்மை அவளை வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கஞ்சி கொடுத்தாள். பாதியைக் குடித்த ராகேல், மீதியைக் கணவனுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டாள்.

"அங்ஙன நம்மளப் போல கொறே பேரு கிடக்காங்க அக்கா" என்றாள்.

தன் வீட்டு ரேஷனில் அத்தனை பேருக்குக் கஞ்சி காய்ச்ச முடியாது. மறுநாளே உலகம்மை ஒரு தகர டின்னோடு கரமனையிலும் வலியசாலையிலும் வீடு வீடாகப் போனாள். உலையில் போடுமுன் தினம் ஒரு பிடி அரிசியை எடுத்து வையுங்கள், வாரம் ஒருமுறை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டாள். எங்களுக்கே போதவில்லை என்று பலர் கதவைச் சாத்தினார்கள். அவள் வாதாடவில்லை, அடுத்த வாரமும் அதே கதவுகளைத் தட்டினாள். வலியசாலை சீதாலக்ஷ்மிதான் முதலில் கொடுத்தாள். "ஆத்துல ஆறு பேர். ஒரு பிடி குறைஞ்சா ஒண்ணும் ஆயிடாது. தெருவுல நானும் சொல்றேன்" என்றாள்.

ஞாயிறுதோறும் ஆஸ்பத்திரி வாசலருகே கஞ்சி ஊற்றினார்கள். அரிசி போதாததற்கு மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு. கிண்டுவது ராகேல்.

நாலாம் மாதம் யாரோ மனுப் போட்டார்கள், உலகம்மை அரிசி பதுக்குகிறாள் என்று. சத்தியநேசன் என்ற ரேஷன் இன்ஸ்பெக்டர் வந்து உள்ளறையில் இரண்டு மூட்டைகளைக் கண்டார். உலகம்மை ஒரு மூட்டையை அவிழ்த்தாள்.

"கைய விட்டுப் பாருங்க சார். நூறு வீட்டு அரிசி இது. பதுக்குதவன் இப்படிக் கலப்பானா?"

சிவப்பும் வெள்ளையும் குருணையுமாக ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு அவர் அதை மூட்டையிலேயே திருப்பிக் கொட்டினார்.

"சேர்த்து வெக்கிறதுதான் குற்றம். அன்னன்னைக்கு வந்ததை அன்னன்னைக்கே காய்ச்சினா எனக்கு எழுத ஒண்ணும் இல்ல, கேட்டோ."

அதோடு வாரக் கஞ்சி தினக் கஞ்சியானது. உலகம்மை தினமும் விடியலில் டின்னோடு இறங்கினாள். முன்பு கதவைச் சாத்திய வீடுகளிலும் சில திறந்தன. மனுப் போட்டது யார் என்று அவள் கடைசிவரை விசாரிக்கவில்லை. கணவனுக்குக் குணமானதும் ராகேல் ஊர் திரும்பினாள். அதன்பிறகு மரச்சீனி, வாரம் ஒரு கட்டு, வித்துரா பஸ்ஸில் வந்தது.

1954-இல் அரிசிக் கட்டுப்பாடு நீங்கியது. இனி யார் வரப்போகிறார்கள் என்று கோமதிநாயகம் கேட்டார். போய்ப் பார்ப்போம் என்று உலகம்மை அன்றும் கஞ்சியோடு போனாள். முன்போல் கூட்டம் இல்லை; ஆனாலும் இருபத்திரண்டு பேர் நின்றார்கள். மறுநாளிலிருந்து அண்டாவைச் சிறிதாக்கிக்கொண்டாள், அவ்வளவுதான்.