பட்டியலில் இல்லாத பெட்டி

பார்வையற்றோருக்கான பிரெயில் புத்தகங்களை அச்சிடும் அந்த அச்சகத்தில் எல்லாரும் அவரைத் திருப்புளி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, திருப்புளி இருக்கும். பதினோரு ஆண்டுகளாக அங்கிருந்த கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்ப்பது அவர்தான்.

பிரெயில் பிரிண்டரை ஓட்டும் கம்ப்யூட்டரை அவரே பாகம் பாகமாக வாங்கிக் கோத்திருந்தார். அதில் போட்ட இயங்குதளத்தை விற்கும் கம்பெனி, எந்தெந்த மெஷின்களுக்கு உதவி செய்வோம் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தது. அக்காவின் பெட்டி அதில் இல்லை. போடும்போதே மேனேஜரிடம் சொல்லிவிட்டார்.

"ஓடும் சார். ஆனா ஏதாச்சும் ஆச்சுன்னா அவங்க கை கொடுக்க மாட்டாங்க. தெரிஞ்சுதான் போடறோம்."

"அதான் நீ இருக்கியேம்மா."

நாலு வருஷம் சத்தமில்லாமல் ஓடியது. பிறகு ஒரு அப்டேட் வந்தது. மறுநாள் காலை, விரலால் படித்துப் பிழை பார்க்கும் ஊழியர் ஒரு கட்டுத் தாளோடு வந்தார்.

"அக்கா, நாப்பதாம் பக்கத்துலேர்ந்து ஒவ்வொரு பக்கத்துலயும் கடைசி வரி இல்ல."

அது வரலாற்றுப் பாடப்புத்தகம். பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அக்கா முதல் வேலையாக அப்டேட்டை நீக்கிப் பழையதற்கே திரும்பினார். வரிகள் வந்துவிட்டன. ஆனால் எத்தனை நாள் பழையதிலேயே ஓட்டுவது? கம்பெனிக்குப் போன் போட்டார்.

"மேடம், உங்க கம்ப்யூட்டரோட போர்டு எங்க பட்டியல்ல இல்ல. அதுல வர்ற கோளாறுக்கு நாங்க எதுவும் செய்ய முடியாது."

"நீங்க சொல்றது நியாயம்தான் தம்பி. பட்டியல்ல இருக்கற மெஷின்லயும் இதே கோளாறு வந்தா?"

"வந்தா கண்டிப்பா பார்ப்போம்."

"அது போதும்."

அக்காவின் நாத்தனார் வேலை பார்த்த இன்சூரன்ஸ் ஆபீசில் பட்டியலில் உள்ள கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடந்தது. நாத்தனார் மேலதிகாரியிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தாள். "அண்ணி, அக்குவேறு ஆணிவேறா கழட்டிடாதீங்க" என்று பாதி விளையாட்டாகவும் பாதி பயந்தும் சொன்னாள்.

அக்கா அதில் தன்னுடைய டிஸ்கை மாட்டினார். அதே இயங்குதளம், அதே அப்டேட், அதே புத்தகம், அதே பிரிண்டர். இதில் வரி விடுபடாவிட்டால் குற்றம் தன் பெட்டியுடையது. அதற்கும் மனசைத் தயார் செய்து வைத்திருந்தார். முப்பத்தெட்டு சரி. முப்பத்தொன்பது சரி. நாற்பதாம் பக்கத்தின் அடியில் ஊழியரின் விரல்கள் இரண்டு முறை போய் வந்தன.

"இல்லக்கா. கடைசி வரி காணோம்."

பிழை கிடைத்ததற்காக அந்த அச்சகத்தில் இரண்டு பேர் சிரித்தது அன்றைக்குத்தான்.

மெஷினின் எண், செய்தது ஒவ்வொன்றும், விடுபட்ட வரிகள் என்று எல்லாவற்றையும் எழுதி அனுப்பினார் அக்கா. மூன்றாம் நாள் கம்பெனியின் மூத்த பொறியாளரே கூப்பிட்டார்.

"தப்பு எங்க பக்கம்தான் மேடம். அடுத்த வாரம் திருத்தம் வந்துடும். வேற ஏதாவது இருக்கா?"

"இருக்கு. ஸ்லீப் மோடுல தூங்க வச்சா எங்க பெட்டி எழுந்திரிக்காது. இரவல் மெஷின்ல போட்டுப் பாத்தேன், அது நல்லா எழுந்திரிக்குது. அதனால அது எங்க தலைவலி, உங்களைக் கேக்க மாட்டேன்."

பொறியாளர் சிரித்துவிட்டுத் தன் நேரடி எண்ணைக் கொடுத்தார்.

சொன்னபடி திருத்தம் வந்தது. புத்தகங்கள் அதற்கு முன்பே பள்ளிக்கூடங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. பட்டியலில் உள்ள மெஷின் ஒன்று வாங்கிவிடலாமா என்று மேனேஜர் கேட்டார்.

"வாங்குங்க சார், சோதனைக்கு ஒண்ணு வேணும்" என்றார் அக்கா. "அச்சடிக்கறதுக்கு இதுவே போதும்."