சிவப்பு மையில் குறித்த விரிசல்கள்

டிப்ளமோ படிக்கும்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் இப்போது மாமல்லபுரம் பக்கம் ரிசார்ட்டுகள் கட்டும் கான்டிராக்டர். நான் பிளான் வரைந்து பிழைப்பவன். செய்யூர் அருகே நூற்றைம்பது வருஷத்து வீடு ஒன்றைப் பழுதுபார்க்கப் போவதாகவும், அளந்து வரைந்து தரும்படியும் அவன் கேட்டபோது உடனே ஒத்துக்கொண்டேன். அந்த வீட்டு நிலத்தில் என் அப்பா ஏர் ஓட்டியவர். கொல்லைப்புறம் தாண்டி அவரை விட்டதில்லை. நான் அளவு டேப்போடு வாசல் வழியாகவே போனேன்.

அங்கே வீட்டுச் சொந்தக்காரரான ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தனியாக இருந்தார். எனக்காக ஒவ்வொரு அறையாகத் திறந்துவிட்டார். முற்றத்தைச் சுற்றிப் பன்னிரண்டு தேக்குத் தூண்கள். மேலே நெருக்கமாகப் போட்ட தேக்குக் கட்டைகள். அவற்றின்மேல் சின்னச் செங்கல்களைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய தளம். பங்குனி வெயிலிலும் சுவர் சில்லென்றிருந்தது. எட்டு நாள் அளந்தேன். பூச்சில் தெரிந்த விரிசல்களைச் சிவப்பு மையில் குறித்தேன்.

"ரிப்பேர்தானே சார்? இடிச்சிட மாட்டாங்களே?" என்று கடைசி நாள் டீச்சர் கேட்டார்.

"இல்ல டீச்சர். அவன் என் ஃபிரெண்டுதான்."

நான்கு மாதம் கழித்து அந்த வழியாகப் போனேன். கூரை இல்லை. தூண்களைக் கயிறு கட்டி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தூணுக்குத் தூண் சாக்பீஸில் எண். நான் வரைபடத்தில் போட்ட அதே எண்கள். அங்கிருந்தே அவனுக்குப் போன் செய்தேன்.

"மச்சான், இன்னாத்துக்கு டென்ஷனாவுற? ரிசார்ட்டுல அந்தத் தூணுக்கு இன்னா டிமாண்டு கீது தெரியுமா? இடிக்கறதுக்கு அந்தம்மாவே கையெழுத்து போட்டு குடுத்துச்சு."

"எப்படிடா போட்டாங்க?"

"நீ செவப்புல குறிச்ச இல்ல, அத்த காட்டுனேன். மேல்தளம் வுழுந்துடும், இன்ஜினியரே எழுதிக்கீறாருன்னேன்."

அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். போனை அணைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை.

டீச்சர் அச்சரப்பாக்கத்தில் வாடகைக்குக் குடியேறியிருந்தார். தேடிப்போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவை வெறும் பூச்சு விரிசல்கள் என்றேன். நிலைப்படியில் நின்றபடியே கேட்டுக்கொண்டார்.

"வேற யாரு சொல்லியிருந்தாலும் போட்டிருக்க மாட்டேன். நீங்க எழுதினதுன்னாரு, அதான் போட்டேன்," என்றார். பிறகு, "அப்ப அந்தக் கூரை இன்னும் எத்தன வருஷம் நின்னிருக்கும் சார்?"

பொய் சொல்லியிருக்கலாம்.

"நம்ம காலத்துக்கும் நின்னிருக்கும் டீச்சர்."

அவர் என்னைத் திட்டவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.