அக்கா தினமும் பார்த்த பக்கம்

உப்பளம் பகுதியில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் பன்னிரண்டு கணினிகளுக்கும் ஒரே இணைய இணைப்பு. மதியமானால் ஊர்ந்துதான் போகும். "படிச்ச புள்ளதானே, எதனா பண்ணேன்பா. ஆனா ஒவ்வொரு மிஷினா நோண்டி வேலையக் கெடுக்காத" என்றார் முதலாளி.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். தெரியாது என்று சொல்லக் கூச்சம். ஒரு பழைய கணினியில் லினக்ஸ் போட்டு, எல்லாருடைய இணையமும் அதன் வழியாகவே போகும்படி நடுவில் வைத்தேன். ஒருமுறை திறந்த பக்கத்தை அது பிரதியெடுத்து வைத்துக்கொள்ளும். மறுபடி கேட்டால் வெளியே போகாமல் அதையே கொடுக்கும். நடுவில் இப்படியொன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. இன்னும் வேகம் வேண்டுமென்று எங்கோ படித்த இரண்டு கட்டளை வரிகளைப் பாதி புரிந்து அதன் அமைப்பில் ஒட்டினேன். முதலாளி தோளில் தட்டினார்.

பக்கத்து மேசை அக்கா அரியாங்குப்பத்திலிருந்து வருவார். அரசு வேலைக்குப் பரீட்சை எழுதியிருந்தார். வயது வரம்புப்படி அதுதான் கடைசி வாய்ப்பு. அவரிடம் இருந்தது பட்டன் போன். அதனால் சாப்பாட்டு டப்பாவைத் திறக்குமுன் அலுவலகக் கணினியில் அந்தத் துறையின் பக்கத்தைத் திறப்பார். 'பட்டியல் விரைவில் வெளியிடப்படும்' என்றே இருக்கும்.

"இவங்க விரைவுக்குள்ள நான் கெழவியாயிடுவேன் தம்பி."

மூன்றாவது வாரம், கூடப் பரீட்சை எழுதிய தோழி அவரை அழைத்தாள். பட்டன் போனின் சத்தம் எனக்கே கேட்டது. "சர்டிபிகேட் காட்ட ஏன்டி வரல? லிஸ்ட்ல ஒன் நம்பரு இருந்துச்சே!"

"இப்பதான்டி பாத்தேன், ஒண்ணுமில்ல" என்று அக்கா மறுபடி மறுபடி பக்கத்தைப் புதுப்பித்தார். அதே வரி. நான் ஒட்டிய அந்த இரண்டு வரிகள் நினைவுக்கு வந்தன. போய் அந்தப் பழைய கணினி எடுத்து வைத்திருந்த பிரதிகளை அழித்துவிட்டு வந்தேன். பட்டியல் திறந்தது. அவர் எண் இருந்தது. சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்து நான்கு நாளாகியிருந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சொன்னேன்.

"அப்போ நான் தெனம் பாத்தது?"

"மொத நாள் பக்கம்க்கா. நான் பண்ண தப்பு."

அவர் திட்டவில்லை. டப்பாவை மூடி வைத்தார்.

மறுநாள் இருவரும் அந்தத் துறை அலுவலகத்துக்குப் போனோம். எழுத்தர் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "சைட்ல போட்டோமேம்மா. அதக்கூடப் பாக்கறதில்லையா? தேதி முடிஞ்சா முடிஞ்சதுதான்."

நான் வாய் திறப்பதற்குள் அக்கா சொன்னார்: "தெனம் பாத்தேன் சார்."

என் தப்பைப் பற்றிச் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.