அறுபத்திரண்டாவது கச்சேரியில் செண்பகம் திரும்பினார்

அறுபத்தொரு கச்சேரிகள். 'ஈர மணல்' ராக் குழு சென்னையில் வாசித்த அத்தனையிலும் செண்பகம் மேடைக்கு மிக அருகில் நின்றிருக்கிறார். ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. முன்வரிசைத் தடுப்பில் காவல் நிற்பவர் மேடைக்கு முதுகு காட்டி, கூட்டத்தைப் பார்த்தே நிற்க வேண்டும். இருபத்திரண்டு வருடங்களில் அவர் ஒரு முறையும் திரும்பவில்லை.

கோட்டூர்புரம் ஆற்றோரத்தில் குடியிருந்தபோது சேர்ந்த வேலை. வீட்டை இடித்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகும் இரண்டு பஸ் மாறி வந்தார். பெசன்ட் நகர் கடற்கரையில் இருநூறு பேர் கேட்ட குழு, பன்னிரண்டாயிரம் பேரைச் சேர்க்கும் அளவுக்கு வளர்ந்ததை அவர் முகங்களாகவே அறிவார். எந்தப் பாட்டு ஓடுகிறது என்பதை முன்வரிசை உதடுகளே சொல்லிவிடும். டிரம்ஸ் அவர் முதுகில் வந்து இறங்கும்.

ஒரு பாட்டு மட்டும் புதிராகவே இருந்தது. 'ரயில் கடக்கும் நேரம்'. அதன் நடுவில் கூட்டம் மொத்தமும் வாயை மூடிக்கொள்ளும். தூக்கிய செல்போன்கள் இறங்கும். சிலர் அழுவார்கள். பாடகர் ஸ்ரீவத்சன் அப்போது ஏதோ செய்கிறார் என்று செண்பகம் முடிவு கட்டியிருந்தார். மகள் செல்போனில் காட்ட வந்தபோது தடுத்துவிட்டார். "இதுல பாக்கறதுக்கா இத்தினி வருசம் நின்னேன்?"

இந்த ஆண்டு குழு கடைசிக் கச்சேரியை அறிவித்தது. நந்தனத்தில் ஒரு மைதானம். மாலை நான்கு மணிக்கே செண்பகம் மேற்பார்வையாளர் ஹஸனைப் பிடித்தார். அதுவரை வெளிவாசல்களையே கவனித்து வந்தவர் அவர்.

"பாய், ஒரு பாட்டு மட்டும் திரும்பிக்கறேன்."

"இன்னா செண்பகம்மா, திடீர்னு ஆசை?"

"இனிமே வாசிக்க மாட்டாங்களாமே. எப்ப திரும்பறது, அவங்க வூட்டுக்குப் போன அப்பாலயா?"

"எந்தப் பாட்டு?"

"ரயில் பாட்டு. அந்தாளு மூஞ்சில இன்னாமோ கீது பாய். இத்தினி ஜனம் சும்மா கம்முனு ஆவாது."

அந்த ஒரு பாட்டுக்கு அவர் இடத்தில் தானே நிற்பதாக ஹஸன் ஒப்புக்கொண்டார்.

ஒன்பதாவது பாட்டு. முன்வரிசை உதடுகள் ஒவ்வொன்றாக நின்றன. ஹஸன் உள்ளே நுழைந்து தடுப்பைப் பிடித்துக்கொண்டார். செண்பகம் திரும்பினார்.

நான்கு முதுகுகள் தெரிந்தன.

ஸ்ரீவத்சனின் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. கிட்டார்கள் சும்மா தொங்கின. நால்வரும் டிரம்ஸ் வாசிக்கும் மதிவாணனைப் பார்த்து நின்றார்கள். அந்தப் பாட்டின் நடுவே ஐந்து நிமிடம் அவர் மட்டும்தான் வாசிப்பார், மற்றவர்கள் திரும்பி நின்று கேட்பார்கள். குழுவின் பழைய வழக்கம் அது. மைதானத்தில் அது தெரியாதவர்கள், மேடைக்கு முதுகு காட்டி நிற்கும் காவல்காரர்கள் மட்டுமே.

பக்கத்துத் தடுப்பில் நின்ற அன்புக்கரசி, தலையைத் திருப்பாமலே கேட்டாள்: "இன்னாக்கா தெரியுது?"

"முதுகு."

"முதுகா?"

"நாலு முதுகுடி. அதுக்கு அப்பால ஒரு மூஞ்சி. நீ கூட்டத்தப் பாரு."

அந்த முகம் அறுபதை நெருங்கியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது, கண் எங்கேயோ இருந்தது. கைகளின் வேகம் முகத்தில் இல்லவே இல்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் இத்தனை வருடம் பார்த்த முகம்தான் அது. கேட்டுக்கொண்டிருப்பவரின் முகம். முதுகில் மட்டுமே வாங்கிப் பழகிய சத்தம் இப்போது நெஞ்சில் இடித்தது.

அடி வேகமெடுத்தது. அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். கிட்டார்கள் திரும்பச் சேரும் அந்த நொடியில் கூட்டம் தடுப்பின் மேல் வந்து விழும். அறுபத்தொரு முறையும் விழுந்தது. ஹஸன் ஒரு கையால்தான் பிடித்திருந்தார்.

மேடையில் ஸ்ரீவத்சனின் தோள் திரும்பத் தொடங்கியது. செண்பகம் அதற்குள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, இரண்டு காலையும் ஊன்றியிருந்தார். தடுப்பு முனகிக்கொண்டு வந்து அவர் இடுப்பில் மோதி நின்றது. கீழே சரிந்த ஒரு பெண்ணை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார்.

"பாட்டு முடியலையே, பாத்துக்க" என்றார் ஹஸன்.

"பாத்தாச்சு பாய். நீ நவுரு, கால் மெரிபடும்."

குழு இன்னும் ஏழு பாட்டு வாசித்து, வணங்கி, விடைபெற்றது. அதையும் அவர் முகங்களில்தான் பார்த்தார்.

ஆகஸ்ட் 29 அன்று பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலில் கொடியேற்றம். செண்பகத்துக்குப் பெண்கள் வரிசையில் பகல் இரண்டு மணியிலிருந்து காவல் வேலை.